சேம்சைடு கோலும் வேப்பங்குழையும்

பந்து வலைக்குள் போனால் எல்லாரும் சந்தோஷப்பட வேண்டும் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எந்த வலை, யாருடைய வலை என்றெல்லாம் அதில் ஒரு கணக்கு இருக்கிறது என்பது எனக்கு அந்த வருஷம்தான் தெரிந்தது. அமெரிக்காவில் உலகக் கோப்பை நடந்த வருஷம். தொண்ணூற்று நாலு என்று பேத்தி சொல்கிறாள். எனக்கு எழுத்தும் தெரியாது, வருஷக் கணக்கும் வராது. நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள். என் பேச்சை இஸ்திரி போட்டுத்தான் எழுதுவேன் என்றும் சொல்லிவிட்டாள். போடட்டும். நான் பயந்த பயத்தை மட்டும் மடித்து உள்ளே வைத்துவிடாதே என்று சொல்லியிருக்கிறேன். இப்போது நினைத்தால் சிரிப்பாணி வருகிறது. அப்போது வயிற்றுக்குள் யாரோ ஈரத்துணியைப் பிழிந்த மாதிரி இருந்தது.

என் மகன் அப்போது ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வேலைக்கு அலைந்துகொண்டிருந்தான். ஆள் நெட்டை. வாசலில் குனிந்துதான் வருவான். குனிய மறந்த அன்று நிலையில் டொம்மென்று ஒரு சத்தம் கேட்கும். அந்த உயரத்துக்காகவே பந்தாட்டத்தில் அவனைப் பின்னால் நிறுத்தியிருந்தார்கள். பின்னால் நிற்கிறவன் வேலை, வருகிற பந்தையெல்லாம் தலையாலோ காலாலோ திருப்பி அனுப்புவது. கோல் போடுகிற பையன்களைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடுவார்கள். இவனை யாரும் தூக்கினதில்லை. தூக்கவும் முடியாது.

எங்கள் ஊர் திருநெல்வேலிக்குக் கிழக்கே, ஆற்றை ஒட்டி இருக்கிறது. மெயின் ரோட்டு வளைவில் மரக்கடை வைத்திருந்த அண்ணாச்சிதான் பையன்களைச் சேர்த்து டீம் நடத்தினார். சட்டை, பூட்ஸ், வெளியூர் போக வேன் எல்லாம் அவர் செலவு. பிரேசில்காரர்கள் போடுகிறார்கள் என்று மஞ்சள் சட்டை தைத்துக் கொடுத்திருந்தார். அதைத் துவைத்துக் கொடியில் போட்டால் பார்க்கிறவர்கள் எல்லாம் எந்த அம்மனுக்கு நேர்ந்திருக்கிறீர்கள் என்று என்னைக் கேட்பார்கள். அண்ணாச்சிக்கு ஒரு மீசை உண்டு. இரண்டு பக்கமும் மேலே முறுக்கி, எண்ணெய் தடவி, வெயிலில் மினுங்கும். பேசும்போது ஒரு கை மீசையில்தான் இருக்கும். கோபம் வந்தால் பேச மாட்டார், அந்தக் கை மட்டும் வேகமாக முறுக்கும். அதைப் பார்த்தாலே மரம் அறுக்கிற ஆட்கள் பைய நகர்ந்துவிடுவார்கள்.

உலகக் கோப்பை தொடங்கியதிலிருந்து பையன்கள் வாயில் வேறு பேச்சே கிடையாது. குள்ளமாக ஒருத்தர், உலகத்திலேயே பெரிய ஆட்டக்காரராம், ஏதோ மருந்து சாப்பிட்டார் என்று அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதைக் கேட்ட அன்றைக்கே மகனுக்கு நான் இருமலுக்குக் கொடுத்துக்கொண்டிருந்த ஆடாதொடைக் கஷாயத்தை நிறுத்திவிட்டேன். நம்மால் பிள்ளைக்கு ஒரு கெட்ட பேர் வரக்கூடாது இல்லையா.

அதற்குக் கொஞ்ச நாள் முந்தித்தான் காயல்பட்டினத்தில் அந்தப் பந்தயம் நடந்தது. காயல்பட்டினத்துக்காரர்களுக்குப் பந்தாட்டம் என்றால் உயிர். அரபு நாட்டில் வேலை பார்க்கிறவர்கள்கூட அதற்கென்று லீவு போட்டு வருவார்கள். எங்கள் டீம் அரை இறுதி வரைக்கும் போய்விட்டது. ஜெயித்து வரட்டும் என்று நான் சொதி வைத்தேன். சொதி வைத்தால் கூட இஞ்சிப் பச்சடி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தேங்காய்ப்பால் வயிற்றைப் பிடிக்கும். அம்மியில் இஞ்சி நசுக்கிக்கொண்டிருக்கும்போதே வேன் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. கூச்சல் இல்லை, விசில் இல்லை. மகன் வந்தான். நிலையில் குனியவில்லை. டொம் என்று இடித்தது. அதைத் தடவிக்கூடப் பார்க்காமல் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான்.

கூட ஆடுகிற சேக்காளி ஒருத்தன் பூட்ஸைக் கொண்டுவந்து வைத்தான்.

“என்னல ஆச்சு? தோத்துட்டியளா?”

“ஆமா அத்தே. இவன் சேம்சைடு கோல் போட்டுட்டான்.”

“கோல் போட்டானா! எம் புள்ளையா! பொறவு ஏம்ல இப்படி வந்து படுத்துக் கெடக்கான்?”

“அத்தே, நம்ம வலையில போட்டுட்டான். தலையால முட்டி வெளிய தள்ளப் பாத்தான். கடல்காத்து வேற. பந்து திரும்பி உள்ள போயிட்டு.”

“அதுக்கென்ன, திருப்பி எடுத்துப் போட்டா போச்சு.”

அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். “அப்படியெல்லாம் எடுக்க முடியாது அத்தே. அண்ணாச்சி வேற அந்த ஊரு முதலாளி ஒருத்தர்ட்ட பந்தயம் கெட்டியிருந்தாரு. என்ன பந்தயம்னு தெரியல, பெரிய பந்தயமாம். வார வழி பூரா ஒரு வார்த்த பேசல. ஆத்தூர்ல நிறுத்தி எல்லாரும் டீ குடிச்சோம். அவரு எறங்கவே இல்ல.”

பேசவில்லை என்றதும் எனக்கு அந்த மீசை முறுக்குகிற கைதான் கண்ணுக்கு வந்தது. ஆனாலும் விளையாட்டுத்தானே, நாளைக்கு மறந்துவிடும் என்று சொதியை மூடி வைத்தேன். சொதி மறுநாளைக்குத் தாங்காது. பக்கத்து வீட்டு மைனிக்குத்தான் கொடுத்தேன்.

எதிர்வீட்டில் ரிட்டயரான வாத்தியார் ஒருத்தர். சார்வாள் என்றுதான் கூப்பிடுவோம். காலையில் பேப்பரைச் சத்தமாக வாசிப்பார். அவருக்குக் காது மந்தம், அதனால் தெருவுக்கே செய்தி கேட்கும். நான் வாசல் தெளித்துக்கொண்டே அரசியல், கொலை, தங்கம் விலை எல்லாம் கேட்டுவிடுவேன். ஒரு நாள் காலையில் அவர் வாசிக்கிறார்: உலகக் கோப்பையில் தன் கோலிலேயே பந்தை அடித்த கொலம்பியா நாட்டு ஆட்டக்காரரை, ஊர் திரும்பினபின் சுட்டுக் கொன்றுவிட்டார்கள்.

கையிலிருந்த வாளி அப்படியே நழுவிவிட்டது. தண்ணீர் ஓடிப் போட்ட கோலத்தையெல்லாம் கரைத்தது.

“சார்வாள், இன்னொருக்க வாசிங்க.”

வாசித்தார். அதேதான்.

“ஆரு சுட்டது?”

“பந்தயம் கெட்டித் தோத்தவனுவளா இருக்கும்னு சந்தேகப்படுதாவ.”

“அந்தப் புள்ளைக்கு அம்மா உண்டுமா சார்வாள்?”

அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு மேலும் கீழும் தேடினார். “அதெல்லாம் போடல.”

அந்த அம்மாவைப் பற்றி ஒரு வரி இல்லை. அவளும் என்னைப் போல ஏதாவது ஆக்கி மூடி வைத்திருப்பாள். வந்த பிள்ளையிடம் சாப்பிடுடா என்று சொல்லியிருப்பாள். வெளியே போகாதே என்று சொல்லத் தெரிந்திருக்காது. எனக்கு இப்போது தெரிந்துவிட்டது. உள்ளே ஓடினேன். மகன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். மூச்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றேன். அவர்கள் நாட்டில் துப்பாக்கி. நம் பக்கத்தில் யாரிடம் துப்பாக்கி இருக்கிறது என்று நானே எனக்குத் தைரியம் சொல்லிக்கொண்டேன். சொல்லி முடிக்கும் முன்னே அரிவாள் நினைப்பு வந்துவிட்டது. அது எந்த வீட்டில் இல்லை?

என் வீட்டுக்காரர் திருச்செந்தூரில் ஒரு சத்திரத்தில் கணக்குப்பிள்ளை. ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். யாரிடம் சொல்ல? நான் கதவைச் சாத்தினேன். எங்கள் தெருவில் பகலில் கதவைச் சாத்துகிற வழக்கமே கிடையாது. மைனி வந்து, “என்ன மைனி, வீட்டுக்குள்ள புதையலா எடுக்கிய?” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அன்றைக்கு மத்தியானமே வந்தது அந்தச் சத்தம். புல்லட். எங்கள் பக்கத்தில் அந்த வண்டி அண்ணாச்சியிடம் மட்டும்தான். ரோட்டு வளைவில் திரும்பும்போதே நெஞ்சில் இடிக்கிற மாதிரி கேட்கும். எங்கள் வீட்டுக்கு நேரே வந்து நின்றது. சாவித் துவாரத்தில் பார்த்தேன். அண்ணாச்சிதான். ஆனால் மூக்குக்குக் கீழே முகம் முழுக்கத் துண்டைச் சுற்றியிருக்கிறார். கண் மட்டும் தெரிகிறது. வண்டியில் சாக்கில் சுற்றி, கயிறு போட்டுக் கட்டி, ஒரு முழ நீளத்துக்கு ஒரு சாமான். நல்ல மனுஷன் எதற்கு முகத்தை மூடிக்கொண்டு வருகிறான்? சாக்கில் சுற்றிக் கொண்டுவருகிற சாமான் என்ன சாமானாக இருக்கும்?

கதவைத் தட்டினார். “வீட்ல ஆரு?”

நான் ஒரு கதவை மட்டும் ஒரு சாண் திறந்து, அதில் முழுக்க நானே நின்றுகொண்டேன்.

“தம்பி இருக்கானா?”

குரலும் ஒரு மாதிரி மெதுவாக இருந்தது. எப்போதும் ரோட்டில் நின்று பேசினால் ஆற்றுக்குக் கேட்கும் குரல் அது. என் வாயில் என்ன வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

“அவனுக்கு அம்மை வாத்திருக்கு அண்ணாச்சி.”

அவர் இரண்டு எட்டு பின்னால் போய்விட்டார். கை தானாகக் கும்பிட்டது. “தாயே... எப்பம் இருந்து?”

“நேத்துல இருந்து.”

அவர் கண் நிலையை மேலும் கீழும் பார்த்தது. “வேப்பங்குழை கெட்டலியே?”

“இப்பம்தான் பறிக்கப் போறேன்.”

“சீக்கிரம் கெட்டுங்க தாயி. தாளிக்காதிய. வறுக்காதிய. அவன் எந்திரிச்ச பொறவு வாரேன். எனக்கு அவன நேர்ல பாத்தே ஆவணும்.”

வண்டி போனதும் நான் பின்வாசலுக்கு ஓடி வேப்பமரத்தில் ஒரு கிளையையே ஒடித்தேன். நிலையின் இரண்டு பக்கமும் கட்டினேன். மஞ்சள் தண்ணீர் கரைத்துச் சட்டியில் வாசலில் வைத்தேன். கட்டி முடித்துக் கீழே இறங்கினபோதுதான் புத்தி வந்தது. ஐயோ, யார் பேரைச் சொல்லியிருக்கிறேன்! எங்கள் பக்கத்தில் வேப்பங்குழை கட்டினால் அந்த வீட்டில் அம்மன் வந்து இருக்கிறாள் என்று அர்த்தம். வெளி ஆள் ஒருத்தரும் உள்ளே கால் வைக்க மாட்டார்கள். கோபக்காரனாக இருந்தாலும் திரும்பிப் போய்த்தான் ஆக வேண்டும். அதற்காகத்தான் கட்டினேன். ஆனால் வராதவளை வந்திருக்கிறாள் என்று சொல்லிவிட்டேனே. கூப்பிட்டார்கள் என்று நிஜமாகவே வந்துவிட்டால்?

முன்வாசல் வழியாகக் கொல்ல வருகிறவன். பின்வாசல் வழியாக அம்மன். நடுவீட்டில் என் பிள்ளை. அன்றைக்கு முழுக்க இதுதான் என் யோசனை. உள்ளே போய் அவன் நெற்றியில் கை வைத்துப் பார்ப்பேன். சூடு இல்லை. அடுப்படிக்குப் போவேன். அடுப்புச் சூட்டில் காய்ந்த கைக்கு அவன் நெற்றிச் சூடு தெரியாமல் போயிருக்குமோ என்று சந்தேகம் வரும். மறுபடி ஓடுவேன்.

“எம்மா, எனக்கு என்னத்துக்கும்மா குழை? நான் நல்லாத்தான் இருக்கேன்.”

“நீ பேசாமப் படுல. அந்த நாட்டுல ஒருத்தன் நல்லாத்தான் இருந்தான்.”

“நம்ம அண்ணாச்சி அப்படியெல்லாம் செய்வாரா?”

“பொறவு ஏன் முகத்த மூடிட்டு வாராரு?”

அவனுக்குச் சாவு பயம் இருந்த மாதிரி தெரியவில்லை. அண்ணாச்சி முகத்தில் முழிக்கிற வெட்கம்தான் பெரிதாக இருந்தது. அதனால் போர்வையை இழுத்துப் படுத்துக்கொண்டான். அவன் அம்மைக்காரன் மாதிரிக் கிடந்தான், நான் அம்மை கண்ட வீட்டுக்காரி மாதிரி நடந்தேன். தாளிப்பு இல்லை, வறுவல் இல்லை, தலையில் எண்ணெய் இல்லை. மைனி தினமும் கூழ் காய்ச்சிக்கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு போவாள். சார்வாள்கூடப் பேப்பரை மெதுவாக வாசித்தார். தெருவே என் பொய்க்கு விரதம் இருந்தது. நான் மட்டும் விடியும் முன்னே முக்காடு போட்டுக்கொண்டு அம்மன் கோவிலுக்குப் போய் நடையில் விழுந்தேன். தாயே, உன் குழையை மட்டும்தான் வாங்கியிருக்கிறேன், நீ வரவேண்டாம், அவன் கல்யாணத்துக்கு வா, அப்போது மாவிளக்கு போடுகிறேன் என்று கேட்டுக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து மறுபடி புல்லட் வந்தது. அதே துண்டு. அதே சாக்கு. இந்தத் தடவை அவர் கதவைத் தட்டவில்லை. ஒரு குலை இளநீரை வாசலுக்கு எட்ட வைத்துவிட்டு, “உடம்பு குளுந்துக்கிடும், குடிக்கச் சொல்லுங்க” என்றார்.

போனபிறகு அந்தக் குலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதற்கு இந்தப் பிரியம்? ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். ஒன்றில் காம்புக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. ஊசி போட்டு விஷம் ஏற்றியிருப்பானோ? மகன் கண்ணில் படாமல் பின்வாசல் மூலையில் போட்டு ஓலையால் மூடினேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் வந்தார். வழக்கம்போல ஒரு கையில் கோவில் இலை விபூதி, இன்னொரு கையில் கருப்பட்டி. குழையைப் பார்த்ததும் செருப்பை எங்கேயோ கழற்றிப் போட்டுவிட்டு ஓடி வந்தார். நான் எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னேன். அவர் என்னையும் கூரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஏட்டி, கொலம்பியா எங்க இருக்கு, நம்ம ஊரு எங்க இருக்கு?”

“எங்க இருந்தா என்ன, பந்து ஒண்ணுதானே?”

அவர் முகம் கழுவப் பின்வாசலுக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் சரக் சரக்கென்று சத்தம். போய்ப் பார்த்தால் ஓலையை விலக்கிவிட்டு, மடக்கு கத்தியால் இளநீரைச் சீவி, அண்ணாந்து குடித்துக்கொண்டிருக்கிறார்! நான் போட்ட சத்தத்தில் மாட்டுத் தொழுவத்தில் கன்று துள்ளியது.

“என்னட்டி?”

“துப்புங்க! துப்புங்க!”

“குடிச்சாச்சே.”

அன்றைக்கு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தேன். நாக்கை நீட்டச் சொன்னேன். கண்ணை விரிக்கச் சொன்னேன். எழுந்து நடந்தால் கூடவே நடந்தேன். கடைசியில் அவர் ஓர் ஏப்பம் விட்டார். “நல்ல இனிப்பு. செவ்விளநி. இன்னொண்ணு சீவவா?” என்றார். எனக்குப் பாதிப் பயம் போயிருக்க வேண்டும். போகவில்லை. இளநீர் நல்லதாக இருந்தால், சாக்கில் இருப்பது இன்னும் மோசமானது என்றுதான் தோன்றியது. அவர் திங்கட்கிழமை சத்திரத்துக்குத் திரும்பிப் போய்விட்டார்.

அப்புறம் அந்த விடியற்காலை. உலகக் கோப்பை அரை இறுதி, பிரேசிலுக்கும் சுவீடனுக்கும். அங்கே சாயங்காலம், நமக்கு விடிகிற நேரம். ரோட்டு வளைவில் டீக்கடைக்காரர் வீட்டு டிவியைத் தூக்கிவந்து பலகை மேல் வைத்து, ஆண்டெனாவைப் புளியமரத்தில் கட்டியிருந்தார். குற்றாலத்தில் சாரல் விழுகிற காலம். இங்கேயும் காற்று சில்லென்று இருந்தது. நான் எழுந்து வீடு பெருக்கிக்கொண்டே மகன் படுத்திருந்த இடத்துக்குப் போனேன். பாயில் போர்வை மட்டும் ஆள் மாதிரிக் கிடந்தது. விலக்கினால் உள்ளே தலையணை. பின்வாசல் கதவு திறந்திருந்தது.

பெருக்கிக்கொண்டிருந்த விளக்குமாற்றைக் கீழே போடக்கூடத் தோன்றவில்லை. அதோடேயே ஓடினேன். தலை விரிந்து கிடந்தது. வாய்க்கால் பாலத்தைத் தாண்டும்போது எதிரே ஒரு மாட்டுவண்டிக்காரர் எனக்கு வழிவிட்டு மாட்டை ஒதுக்கினார். சாமி வந்து ஓடுகிறேன் என்று நினைத்திருப்பார். டீக்கடைக்குப் பக்கத்தில் போனதும் எனக்குக் கால் நின்றுவிட்டது. புல்லட் நிற்கிறது. சாக்குச் சாமான் அதில் அப்படியே இருக்கிறது.

உள்ளே நாலு பெஞ்சு நிறைய ஆள். ஒரு ஓரத்தில் தலையில் முண்டாசு கட்டிக் குறுகி உட்கார்ந்திருக்கிறான் என் நெட்டை. இன்னொரு ஓரத்தில் முகத்தில் துண்டோடு அண்ணாச்சி. இரண்டு பேர் கண்ணும் டிவியில். இவர் ஒரு தடவை தலையைத் திருப்பினால் போதும். எனக்கு அந்தக் கொலம்பியாப் பிள்ளைதான் ஞாபகத்துக்கு வந்தான். அவனையும் இப்படிக் கூட்டத்துக்கு நடுவில்தான் பார்த்திருப்பார்களோ என்னவோ. அவன் அம்மா அங்கே இல்லை. நான் இருக்கிறேன். நேரே நடந்து போய் இரண்டு பேருக்கும் நடுவில், டிவிக்கு முன்னால், விளக்குமாற்றோடு நின்றேன்.

“ஏ, தள்ளுங்க!”

“எம்மா, மறைக்கியளே, விலகுங்க!”

“ஆருய்யா இது, இந்நேரத்துல!”

நான் விலகவில்லை. அந்த நொடியில் எனக்குப் பின்னால் டிவியில் ஓ என்று பெரிய இரைச்சல். பிரேசில் கோல் போட்டுவிட்டது. குள்ளமான ஒருத்தன் நெட்டை ஆட்களுக்கு நடுவில் எழும்பித் தலையால் முட்டினானாம். அந்த ஆட்டத்தில் விழுந்த ஒரே கோல் அது. அந்த டீக்கடையில் ஒருத்தரும் அதைப் பார்க்கவில்லை. எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். இன்றைக்கும் சிலர் என்னைக் கண்டால் அதைச் சொல்லித்தான் சண்டைக்கு வருவார்கள்.

கோல் என்ற சத்தத்தில் அண்ணாச்சி துள்ளி எழுந்தார். துண்டு நழுவி விழுந்தது.

மீசை இல்லை. மூக்குக்குக் கீழே வெள்ளை வெளேரென்று, வெயிலே படாத தோல். சிரைத்த இடத்தில் ஒரு வெட்டுக்காயம். அவ்வளவு பெரிய உடம்புக்கு மேலே மொட்டையடித்த குழந்தை மாதிரி ஒரு முகம். ஒருத்தன் களுக்கென்று சிரித்து, உடனே வாயைப் பொத்திக்கொண்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மீசையை எடுத்துவிட்டான் என்றால் சபதமே போட்டிருக்கிறான் என்றுதான் நினைத்தேன்.

“அண்ணாச்சி, எம் புள்ளைய ஒண்ணுஞ் செஞ்சிராதிய! தெரியாம போட்டுட்டான். அவன் சின்னப்புள்ள. சுட்டுராதிய!”

“சுடவா?” அண்ணாச்சி துண்டைத் தேடுவதை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். “என்ட்ட எங்க தாயி துப்பாக்கி? மரக்கடையில ரம்பந்தான் கெடக்கு.”

“ரம்பமா!”

நான் அலறினதில் மகன் எழுந்து வந்து என் தோளைப் பிடித்தான். அப்போதுதான் மற்றவர்கள் அவனைப் பார்த்தார்கள்.

“ஏலே, இவனுக்கு அம்மைல்லா!”

அவ்வளவுதான். பெஞ்சு கவிழ்ந்தது, டீ கொட்டியது, கடைக்காரர் டிவியை அணைக்காமலே அடுப்புக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார். கூட்டம் புளியமரத்தடிக்குப் போய் நின்று எங்களைப் பார்த்தது. அண்ணாச்சி மட்டும் நகரவில்லை. மகன் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். கழுத்தைப் பார்த்தார்.

“ஒரு முத்துகூட இல்ல. நல்லாத்தான இருக்க?”

“நல்லாத்தான் இருக்கேன் அண்ணாச்சி. எம்மா பயந்துட்டா. நீங்க முகத்த மூடிட்டு வந்தியளா...”

“பின்ன இத வச்சுக்கிட்டு எப்படில வாரது?” என்று தன் முகத்தைத் தானே காட்டினார். “காயல்பட்டினத்து முதலாளி ஜெயிச்சா என் மீசைய எடுக்கணும், நான் ஜெயிச்சா அவரு எனக்கு ஒரு வருசத்துக்கு அத்தர் தரணும். அதான் பந்தயம். சொன்னா சொன்னதுதான? எடுத்தாச்சு. எங்க வீட்ல அவ என்னப் பாத்து ஆரு நீன்னு கேக்கா. கடையில ஆளுவ முன்னால நிக்க முடியல. இந்தக் கோலத்துல டீம கூட்டிட்டு வெளியூரு போனா கூட்டமே என்னத்தான் வேடிக்க பாக்கும். மீச வளந்து முறுக்குத வரைக்கும் நீதாம்ல டீம பாத்துக்கிடணும். திசையன்விளையில அடுத்த பந்தயம் இருக்கு. அதச் சொல்லத்தான் நாயா அலையுதேன்.”

“நானா? சேம்சைடு போட்டது நாந்தான அண்ணாச்சி?”

“அதனாலதாம்ல. மத்தவனுவ அன்னைக்கு ஊருக்கு வந்து படம் பாக்கப் போயிட்டானுவ. நீ ஒருத்தன்தான் வீட்டுக்குள்ள கெடந்து வெந்துருக்க.”

புல்லட்டுக்குப் போய்ச் சாக்கை அவிழ்த்துக்கொண்டுவந்து மகன் கையில் கொடுத்தார். பந்துக்குக் காற்றடிக்கிற பம்பு. புதுசு. தூசி படக்கூடாது என்று சுற்றி வைத்திருந்தாராம். அதைப் பார்த்ததும் விளக்குமாற்றை ஊன்றி அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அழுதேனா சிரித்தேனா என்று கேட்டால் பேத்தி, உங்களுக்கு இரண்டும் ஒன்றுதானே ஆச்சி என்கிறாள்.

ஆனால் பாருங்கள், ஒரு தடவை பயந்த வயிறு அவ்வளவு சீக்கிரம் சும்மா இருக்காது. அம்மனை முறையாக அனுப்ப வேண்டும் என்று மைனி சொன்னாள். அவளிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. மறுநாள் அவளே மஞ்சள் அரைத்துக்கொண்டுவந்தாள். நல்லா இருக்கிற பிள்ளைக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் குழையை ஆற்றில் விட்டோம். அதன் பிறகும் நான் தினமும் அவன் நெற்றியில் கை வைத்துப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். திசையன்விளைக்கு அவனைத் தனியாக அனுப்ப மனசு வரவில்லை. வீட்டுக்காரரை லீவு போடச் சொல்லி இரண்டு பேரும் பஸ் ஏறினோம்.

திசையன்விளை செம்மண் பூமி. மைதானம் முழுக்க மிளகாய்ப்பொடி கொட்டின மாதிரி இருந்தது. பொம்பளை ஆள் நான் ஒருத்திதான். கயிற்றுக்கு இந்தப் பக்கம், இவருடைய துண்டை விரித்து உட்கார்ந்தேன். ஆட்டம் தொடங்கியது. பந்து அந்தப் பக்கம் போனால் மூச்சு வரும். இந்தப் பக்கம் திரும்பினால் நின்றுவிடும். பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரையும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன், யார் கையில் என்ன இருக்கிறது என்று. ஒருத்தர் கையில் முறுக்கு. ஒருத்தர் கையில் குடை. குடைக்காரரை மட்டும் கொஞ்சம் கவனித்து வைத்துக்கொண்டேன்.

ஒரு பந்து உயரமாக வந்தது. நேரே இவன் தலைக்கு. பின்னாலேயே வலை. நான் கண்ணை மூடிக்கொண்டு இவர் கையைப் பிடித்தேன். வளையல் அழுந்தி அவருக்குக் காயமே ஆகிவிட்டது. பெரிய சத்தம் கேட்டது. கண்ணைத் திறக்கவில்லை. சத்தம் ஓய்ந்தது, மறுபடி வந்தது, விசில் ஊதினார்கள். நான் மூடினது மூடினதுதான். ஆட்டம் முடிந்துவிட்டது என்று இவர் சொன்ன பிறகும் திறக்கவில்லை.

யாரோ முன்னால் வந்து நிற்கிற மாதிரி இருந்தது. வியர்வையும் செம்மண்ணும் கலந்த வாடை.

“எம்மா, தண்ணி இருக்கா?”

திறந்தேன். கால் முதல் தலை வரைக்கும் சிவப்பாக நிற்கிறான். பல் மட்டும் வெள்ளை. செம்பை வாங்கி அண்ணாந்து மடமடவென்று குடித்தான்.

“என்னல ஆச்சு?”

“தோத்துட்டோம்மா. ஒரு கோல்.”

“ஆரு போட்டது?”

“அவனுவதான்” என்றான். “அவனுவளேதாம்மா போட்டானுவ.”

அப்பாடா என்று நான் கும்பிட்டேன். தோற்ற டீமுக்காரி இப்படிச் சிரிக்கிறாளே என்று குடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டே போனார்.